பன்னிரண்டாவது தொப்பி

அங்கம்மா கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் முப்பத்தொரு வருடம் பால் வெட்டியவர். மலை ஏறியே பழகியவருக்கு ஒருமுறை பூமிக்குள் இறங்கிப் பார்க்க ஆசை. தோட்டத்துக்கு அருகே பென்சிலுக்கான காரீயம் தோண்டிய பழைய சுரங்கம் இருந்தது. 2003இல் அதைப் பார்வையாளர்களுக்குத் திறந்ததும், ஆண்கள் பன்னிரண்டு பேரும் பெண்கள் பதினொரு பேரும் பஸ் பிடித்துப் போனார்கள்.

அங்கே பன்னிரண்டு தலைக்கவசத் தொப்பிகளே இருந்தன.

"பொம்பளைங்க இங்கயே இருந்து சோத்துப் பார்சலப் பாத்துக்குங்க" என்றார் ஏழுமலைக் கங்காணி. "படி செங்குத்தா இருக்கு."

"தெனம் முந்நூறு மரத்துக்கு ஏறுற காலு இது, கங்காணி" என்றார் அங்கம்மா.

"அது காலு. ஒனக்கு வாய்தான் நீளம்."

காலைப் பெரட்டில் வேலையாட்களின் பெயர் கூப்பிடுவதைப் போலவே ஏழுமலை ஆண்களைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். சிங்கள வழிகாட்டி எண்ணிப் பார்த்தார். "எக்கெனெக் மதி" என்றார். ஒருவர் குறைகிறாராம். ஏழுமலை மறுபடி கூப்பிட்டார். எல்லாரும் இருந்தார்கள். ஆனாலும் பதினொன்றுதான். பெயர் கூப்பிடுகிறவர் தன்னை எண்ணிப் பழக்கமில்லை.

"ஆளு கொறையுதுன்னா நான் நிக்கட்டுங்களா?" என்றார் அங்கம்மா.

"சரி, நில்லு" என்றது கங்காணியின் இருபது வருடப் பழக்கம்.

பன்னிரண்டு பேரும் இறங்கி, சுரங்கக் கதவைச் சாத்திய பிறகுதான் கங்காணிக்கு உறைத்தது. "அடியே, அது என் எடம்!"

"பார்சலப் பாத்துக்குங்க, கங்காணி!" என்று குரல் கீழேயிருந்து வந்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

அவரைத் துணிச்சல்காரி என்று நான் எழுதமாட்டேன். யார் குறைகிறார் என்று தெரிந்தும் சொல்லாமல் இருந்தார், அவ்வளவுதான். ஆனால் சுரங்கச் சுவரில் விளக்கொளி பட்டுக் கரிய பாளம் மினுங்கியபோது, "இம்புட்டு அழகா இருட்டுக்குள்ள வச்சிருக்கானே!" என்று அவர் கத்தியதை இன்றுவரை என்னால் மேம்படுத்திச் சொல்ல முடியவில்லை.

மேலே வந்தவரின் கன்னமெல்லாம் கரி. தொப்பியைக் கழற்றாமலே வழிகாட்டியிடம் சிங்களத்தில் கெஞ்சி, இன்னொரு சுற்றுக்குச் சம்மதம் வாங்கினார். பத்துப் பெண்களும் இறங்கினார்கள். ஏழுமலை கடைசியில் போனார். வழிகாட்டி சிங்களத்தில் ஒரு வாக்கியம் சொன்னால், முன்னால் நின்ற அங்கம்மா தமிழில் நாலு சொன்னார்.