தெப்பக்குளத்துக் குடம்

எங்கள் ஊர்த் தெப்பக்குளம் வற்றும் என்று முந்தின வருஷம் யாராவது சொல்லியிருந்தால், கோவில்பட்டியே கூடி நின்று அவரைப் பார்த்துச் சிரித்திருக்கும். எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அது வற்றியே விட்டது. எனக்கு அப்போது எட்டு வயது. தண்ணீர் இருந்த இடத்தில் வெறும் கறுப்புச் சேறுதான் கிடந்தது.

அதுவரை அது என்ன குளம்! ராஜா காலத்துக் குளம், பாஞ்சாலங்குறிச்சிக் குதிரைகள் தண்ணீர் குடித்த குளம், ஏழு பனை ஆழம் என்பார் சித்தப்பா. வாயைப் பிளந்து கேட்க ஆள் கிடைத்தால் ஒன்பது பனை ஆகிவிடும். ஊர்க் கிணறெல்லாம் உப்பு. இந்தத் தண்ணீரில்தான் பருப்பு வேகும். சாயங்காலம் தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வரும் அக்காமார் விரலில் ஒட்டிய தீக்குச்சி மருந்தைத் தேய்த்துக் கழுவிவிட்டு, கடலைமிட்டாயைப் பிட்டுத் தின்றபடி படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். நடு மண்டபத்தின் நிழல் தண்ணீரில் ஆடும்.

எனக்கு மட்டும் மேல்படியோடு சரி. அப்பாவின் தங்கை, என் அத்தை, நான் பிறப்பதற்கு முன்னால் அங்கே தண்ணீர் எடுக்கப் போய் வழுக்கி விழுந்து இறந்துபோனாளாம். புகுந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று வந்திருந்தவளை அப்பாதான் சமாதானம் சொல்லி, மறுநாள் கொண்டுபோய் விடுவதாக இருந்தாராம். "இந்தப் பாசி மட்டும் இல்லேன்னா எந்தங்கச்சி இன்னைக்குப் பிள்ளகுட்டியோட இருப்பா" என்று யாரைப் பார்த்தாலும் சொல்லுவார்.

வற்றிய குளத்து வண்டலை நிலத்தில் போட்டால் பருத்தி நன்றாக வரும் என்று விவசாயம் பார்க்கும் சம்சாரிகள் வண்டி கட்டி வந்தார்கள். எங்கள் வண்டியும் போனது. அப்பா வெட்ட, சித்தப்பா கூடையில் அள்ள, முதல்முறையாகக் குளத்துக்குள் நின்றேன். சித்தப்பாவின் ஏழு பனை, இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. எனக்கு ஒரே அதிர்ச்சி. கேட்டதற்கு, "மிச்சம் சேத்துக்குள்ள இருக்குடி" என்றார்.

அப்போது அப்பாவின் மண்வெட்டி ணங்கென்று எதிலோ பட்டது. ஒரு பித்தளைக் குடம். கழுத்தில் மக்கிப்போன கயிற்றுத் துண்டு ஒன்று இறுகக் கட்டியிருந்தது. புதையல்தான் என்று நான் பாய்ந்து போய்ப் பாவாடையால் சேற்றைத் துடைத்தேன். சீர்ப் பாத்திரத்தில் பெண்ணின் பெயரை வெட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். எழுத்துக் கூட்டிப் படித்தால், என் பெயர்! வீட்டில் எல்லாருக்கும் நான் பாப்பாதான். அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், அது பள்ளிக்கூடத்துக்கு மட்டும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

"யப்பா, எம்பேரு போட்டிருக்கு! இது எங்கொடம்!" என்று குளம் முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

அப்பா குனிந்து குடத்தின் கயிற்றைத் தடவிப் பார்த்தார். நான் குடத்தைச் சாய்த்தேன். சேற்றோடு ஒரு கல் விழுந்தது. கையை விட்டால் இன்னும் கல். வாய்வரை உருண்டைக் கல்லாகத் திணித்திருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. தட்டாங்கல் ஆட அப்படிக் கல் எங்கே கிடைக்கும்? நல்லதாக ஐந்து பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

சித்தப்பாதான் முதலில் வாய் திறந்தார். "அண்ணே... அவ வழுக்கி விழலண்ணே."

"வாயை மூடுலே" என்ற அப்பா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். "போயிட்டு வா தாயின்னேன். சரின்னுதானலே சொன்னா."

பிறகு என் மடியை அவிழ்த்து ஐந்து கல்லையும் பிடுங்கித் தூர வீசினார். என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொல்லி அறியாதவர். நான் ஓவென்று அழுதேன். அவரும் அழுதார். வண்டிக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள்.

நான் அழுவதைப் பார்த்துத்தான் அவர் அழுகிறார் என்று நினைத்தேன். "எனக்குக் கல்லும் வேண்டாம், கொடமும் வேண்டாம்ப்பா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருக்காகச் சிரித்தும் காட்டினேன். அப்பா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அந்தப் பெயரைச் சொன்னார். திரும்பத் திரும்பச் சொன்னார். என்னைத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் "என்னப்பா, என்னப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.