பெந்தெகொஸ்தே விடுமுறைக்குள் அடங்காத கணினி

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஹேகலே எங்கள் தொழிற்சாலை உணவகத்துக் குளிர்பெட்டியைத் திறந்துகொண்டு நிற்பார். நான் அங்கே சமையலுக்குச் சேர்ந்த நாளிலிருந்து பார்க்கிறேன். யாருடைய தயிர், யாருடைய பாலாடைக்கட்டி என்று கேட்க மாட்டார். திகதி கடந்திருந்தால் நேரே குப்பைக்குள். வீட்டிலும் இப்படித்தானா என்று அவருடைய மனைவியிடம் கேட்க ஆசை, வாய் வரவில்லை.

எங்கள் பம்புத் தொழிற்சாலையின் கணினிகளுக்கு அவர்தான் பொறுப்பு. கொள்முதல், கிடங்கு, கணக்கு எல்லாம் ஒரே மென்பொருளில் ஓடின. அது நின்றால் வாசலில் லொறிகளும் நிற்கும். ஜப்பானில் கிளை திறந்த வருடம், அந்த ஊர் முகவரிகள் பொதிகளில் வெறும் கட்டங்களாக அச்சாகி வந்தன. எல்லா மொழிக்கும் இடமுள்ள யூனிகோடுக்கு முழுவதையும் மாற்றவேண்டும் என்றார்கள். மாற்றி முடியும்வரை முழுவதையும் நிறுத்தவும் வேண்டும்.

முதலாளி தட்டோடு வந்து ஹேகலேக்கு எதிரே இருந்தார்.

“பெந்தெகொஸ்தே பெருநாளுக்கு மூண்டு நாள் லீவு. அதுக்குள்ள முடியுமெண்டால் நீங்கள் செய்யுங்கோ, ஹேகலே. இல்லாட்டி மியூனிக்கிலயிருந்து ஆக்களைக் கூப்பிடுறன்.”

ஹேகலே கரண்டியை வைத்துவிட்டார். அந்த அமைப்பை முதலிலிருந்து வளர்த்தவர் அவர். அதை மியூனிக்காரர் தொடுவது, சனிக்கிழமை தோறும் அவர் தானே கழுவும் காரைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து கழுவுவது மாதிரி.

ஒரு நகலை எடுத்து ஒத்திகை பார்த்தார். மூன்று நாளும் போதவில்லை. உள்ளே கிடக்கும் பழையவை குறைந்தால்தான் நேரம் குறையும். எனவே பிரிவு பிரிவாகப் போய், முடிந்துபோன ஓடர்களைக் கழிக்கச் சொன்னார்.

பொதி அனுப்பும் பிரிவின் இர்ம்ட்ரவுட், ஒரு பழைய வாடிக்கையாளரின் ஓடரை லேசில் விடவில்லை.

“அந்த மனுசன் திரும்பவும் கேட்டால்?”

“அவர் செத்துப்போனார், இர்ம்ட்ரவுட். செத்தவர் பம்பு கேக்கமாட்டார்.”

“அவரின்ர மனிசி கேப்பா. உனக்கென்ன தெரியும்.”

முணுமுணுத்தபடி எல்லாரும் கழித்தார்கள். இரண்டாம் ஒத்திகையிலும் வேலை விடுமுறையைத் தாண்டி ஓடியது. எது இவ்வளவு இடம் பிடிக்கிறது என்று ஹேகலே அப்போதுதான் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்திப் பார்த்தார். மதியம் பருப்பும் சொசேஜும் உள்ள தட்டோடு இர்ம்ட்ரவுட்டின் மேசையில் வந்து இருந்தார்.

“எந்தப் பிரிவு குற்றவாளியாம்?” என்று இர்ம்ட்ரவுட் கேட்டாள்.

“பிரிவில்லை. ஒரு பதிவு. ஆர், எப்ப, எதை மாத்தினதெண்டு எழுதிக்கொண்டே இருக்கும்.”

“ஆர் அதைப் போட்டது?”

“நான்தான். ஏதும் பிரச்சினை வந்தால் பாக்கலாமெண்டு.”

“எப்பவாவது பாத்தனியா?”

அவர் சொசேஜை மிகக் கவனமாக வெட்டினார். “இல்லை.”

“நாங்கள் செத்தவரையும் எறிஞ்சம். நீ எங்களை வேவு பாத்து வைச்சிருக்கிறாய். தொழிலாளர் சபை அறிஞ்சால் உன்னை வறுத்துத் தின்னும்.”

மேசை முழுதும் சிரித்தது. ஹேகலேயும் கடைசியில் சிரித்தார், காதுகள் சிவந்துபோய். ஆனாலும் கழிக்க மனம் வரவில்லை. பாதியையாவது வைத்துக்கொள்ளலாமா என்று இர்ம்ட்ரவுட்டிடமே கேட்டார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அன்று பின்னேரமே முழுவதையும் அழித்தார். மிச்சமிருந்த பெரியவற்றைத் துண்டுகளாக்கி ஒரே நேரத்தில் ஓடவிட்டார். மூன்றாம் ஒத்திகை விடுமுறைக்குள் அடங்கியது.

பெந்தெகொஸ்தே திங்கள் மாலை கணினி மாறி முடிந்தது. மறுநாள் காலை முதல் பொதியில் ஜப்பானிய எழுத்து கறுப்பாய், வடிவாய் விழுந்திருந்தது. இர்ம்ட்ரவுட் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எது மேல், எது கீழ் எண்டாவது சொல்லு.”

ஹேகலேக்கும் தெரியவில்லை.

மியூனிக்காரர் வரவில்லை. இன்று ஜப்பானோடு சேர்த்து மூன்று நாட்டுக் கிளைகளும் அந்த ஒரே அமைப்பில்தான் ஓடுகின்றன. பொறுப்பு இன்னமும் ஹேகலேயிடம்தான்.