நாளைக்கு ஒன்னுன்னா

மேட்டின் உச்சிக்கு வந்ததும் ஜெரார்ட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினை அணைத்துவிடுவார். அங்கிருந்து எங்கள் தாமான் குடியிருப்பின் வாசல்வரை வண்டி சத்தமில்லாமல் உருண்டு வரும். பின்னால் அவர் மனைவி கேதரின், காய்கறிப் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் தெரு நாய்களுக்கு எல்லா வண்டிகளின் சத்தமும் அத்துப்படி. ஜெரார்ட் வருவது மட்டும் அவற்றுக்குத் தெரியாது. சரிவு முடிகிற இடத்தில் வேகம் செத்துப்போகும். அப்போதும் அவர் சாவியைத் தொட மாட்டார். கேதரின் இறங்கிக்கொள்வார். பாரம் குறைந்த வண்டி இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். "பெட்ரோலு சும்மாவா வருது அண்ணே" என்று என் வாசலைக் கடக்கும்போது சொல்லிவிட்டுப் போவார். கேதரின் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடந்து வருவார். மூச்சு வாங்கிக்கொண்டு இருப்பார்.

ஜெரார்ட் குருண் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். ஒடிசலான உடம்பு, ஐம்பதைத் தாண்டிய வயது, சட்டைப் பையில் எப்போதும் தொழிற்சாலையின் பேனா. கடனில்லாத வீடு, ஒழுங்கான சம்பளம், குடிக்கிற பழக்கம் கிடையாது. ஆனாலும் அவர் வீட்டுக்குள் நுழைகிறவர்களுக்கு, நேற்றுத்தான் வேலை போன குடும்பத்தைப் பார்க்க வந்த மாதிரி இருக்கும்.

வீட்டில் அறைகள் இருந்தும் பிள்ளைகள் இருவரோடு நான்கு பேரும் படுப்பது கூடத்தில்தான். ஒரே காற்றாடி. அதற்கு நேர் கீழே ஜெரார்டின் பாய், மற்றவர்களுக்குச் சுற்றுப்புறம். சுவரில் ஓர் ஏசி உண்டு. புதுமனைக்குக் கேதரினின் அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அதற்கு வெள்ளைப் பூவேலைத் துணி போர்த்தி, தேவாலயத்தில் வெள்ளை உடுத்திப் புதுநன்மை வாங்கப் போகிற பிள்ளையைப் போல நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து காற்று வந்து நான் பார்த்ததில்லை. குளிர்பெட்டிக்கும் ஒரு சட்டம் இருந்தது. கதவைத் திறப்பதற்கு முன்பே என்ன எடுக்கப் போகிறோம் என்று தீர்மானித்திருக்க வேண்டும். "தொறந்து வச்சிக்கிட்டு யோசிக்காத. யோசிச்சிட்டுத் தொற" என்பது மகன் டேரனுக்கு அவர் நாள்தோறும் சொன்ன உபதேசம். டேரனுக்கு முடி வெட்டுவதும் அவரே. வெட்டிய வாரங்களில் அந்தப் பையன் தொப்பி இல்லாமல் வெளியே வர மாட்டான்.

ரொட்டி, தயிர், மீன் எல்லாம் பேரங்காடி மூடப்போகிற நேரத்தில் விலையைக் குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பிறகுதான் அவர் வீட்டுக்குப் போகும். "எங்க வீட்ல மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டாததுன்னா அது நாங்க நாலு பேருதான் அங்கிள்" என்று மகள் கேரன் ஒருமுறை என்னிடம் சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

ஒரு சமயம் மலிவு விலையில் விற்கிற பொட்டலச் சமையல் எண்ணெய் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்காமல் போனது. ஜித்ராவில் ஒரு கடையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, ஜெரார்ட் மோட்டார் சைக்கிளிலேயே கிளம்பிவிட்டார். திரும்பும்போது நல்ல மழை. எண்ணெய்ப் பொட்டலங்களைத் தன் மழைச்சட்டைக்குள் வைத்து மூடிக்கொண்டு, தான் நனைந்து வந்தார். அன்றிரவே காய்ச்சல். எண்ணெயில் மிச்சம் பிடித்ததைப் போல இரண்டு பங்கைத் தனியார் கிளினிக்கில் கொடுத்துவிட்டு வந்தார். அதை நான் சொல்லிக் காட்டியபோது அவருக்கு உறைக்கவே இல்லை. "அது வேற கணக்குலா அண்ணே" என்றார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும் குடும்பக் கூட்டம். அதில் ஜெரார்ட் பேசுவார், மற்றவர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அவருக்கு மிகவும் பிடித்த சொல் 'நாம'. நாம இந்த மாசம் கோழியக் கொறைச்சுக்கலாம். நாம டியூசன நிறுத்திட்டு வீட்லயே படிக்கலாம். நாம தையல் மிசினை வித்துடலாம், சும்மாதான இருக்கு. டியூசனுக்குப் போனவள் கேரன், தையல் மிசின் கேதரினுடையது. உங்க பங்குக்கு என்ன என்று கேட்டால் கைகளை விரித்துக் காட்டுவார். "எனக்குன்னு என்னா செலவு இருக்கு?" அது உண்மைதான். சாயங்காலம் சாப்பாட்டுக் கடையில் எங்களோடு உட்கார்ந்து அவர் குடிக்கிற தேத்தண்ணிக்குப் பணம் எப்போதும் வேறு யாராவதுதான் கொடுப்போம். பணம் கட்டுகிற நேரம் நெருங்கும்போது அவருக்குக் கை கழுவ வேண்டியிருக்கும்.

இவ்வளவும் எதற்காக என்று கேட்டவர்களுக்கு அவரிடம் ஒரே பதில். "நாளைக்கு ஒன்னுன்னா?" அதற்கு மேல் விளக்கம் கிடையாது. பின்னாலேயே ஒரு கதை வரும். புக்கிட் செலம்பாவ் பக்கம் அவருடைய அப்பா வேலை செய்த தோட்டம் கைமாறியபோது, குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியேறக் கையில் எதுவுமே இல்லாமல் அந்த அப்பா நின்ற கதை. கேட்கிறவர் வாயை மூடிவிடுகிற கதைதான். ஜெரார்டுக்கும் அது தெரியும். டேரன் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பணம் கேட்டாலும் அந்தக் கதை வந்துவிடும்.

போன வருடம் கேரனுக்குக் கடல் தாண்டி சபா மாநிலத்தில் ஓர் அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. உணவு அறிவியல். எங்கள் தெருவே சந்தோஷப்பட்டது. ஜெரார்டும் பெருமையாகச் சாப்பாட்டுக் கடைக்கு வந்து எல்லா மேசைக்கும் சொன்னார். அந்தச் சந்தோஷத்துக்கான தேத்தண்ணியை நாங்கள் வாங்கிக் கொடுத்தோம்.

இரண்டு நாளில் முகம் மாறிவிட்டது. பதிவுக் கட்டணம், விடுதிக்கு முன்பணம், ஒரு மடிக்கணினி, விமான டிக்கெட் என்று செலவுகள் ஒவ்வொன்றாகத் தெரிய வந்திருந்தன. கல்விக் கடன் கிடைக்கும், ஆனால் போய்ச் சேர்ந்த பிறகுதான். அதுவரை கையிலிருந்து போட வேண்டும். ஜெரார்ட் குடும்பக் கூட்டத்தைக் கூட்டினார். இந்த வருசம் வேண்டாம், அடுத்த வருசம் அலோர் ஸ்டார் பக்கம் ஏதாவது கிடைக்கும், பஸ்ஸில் போய் வரலாம் என்று முடிவைச் சொன்னார். சேமிப்பு இருக்கிறதே என்று கேரன் கேட்டாளாம். அது தொடக்கூடாத காசு என்றாராம் அப்பா. நாளைக்கு ஒன்னுன்னா?

கேரன் அழவில்லை, சண்டை போடவில்லை. மறுநாள் பேரங்காடியில் காசாளர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்துவிட்டு வந்தாள். கேதரின் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்ப வேண்டிய கெடு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் அவர்கள் வீட்டில் அன்பியக் கூட்டம். அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் முறைவைத்து ஒவ்வொரு வீட்டிலும் கூடி ஜெபிக்கிற வழக்கம் அது. நான் சாமி கும்பிடுகிற இடம் வேறு என்றாலும், அடுத்த வீட்டுக்காரன் என்று கேதரின் எப்போதும் கூப்பிடுவார். மற்ற வீடுகளில் கூட்டம் என்றால் ஜெரார்ட் குடும்பத்தோடு பசித்த வயிறாகப் போவார். தன் வீட்டில் என்றால் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு வருகிற நேரமாகப் பார்த்து வைப்பார். பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றியதும் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். பக்திக்கு அதுதான் பொருத்தம் என்றார்.

வாசகமும் பாட்டும் முடிந்து மன்றாட்டு வந்தது. ஒவ்வொருவராக ஒரு வேண்டுதலைச் சொல்ல, மற்றவர்கள் சேர்ந்து பதில் சொல்ல வேண்டும். ஒருவர் நோயாளிகளுக்காக வேண்டினார், ஒருவர் மழை வெள்ளத்தில் தவிப்பவர்களுக்காக. பதிலுரைகளில் ஜெரார்டின் குரல்தான் எப்போதும் ஓங்கி ஒலிக்கும். செலவில்லாத காரியங்களில் அவர் தாராளம். கேதரினின் முறை வந்தது. வழக்கமாக அவர் உலக சமாதானத்துக்காக வேண்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"ஆண்டவரே," என்று நிதானமாக ஆரம்பித்தார். "எங்க வீட்ல ரொம்ப வருசமா, ஒன்னு வரும் வரும்னு காத்துக்கிட்டு இருந்தோம். அதுக்காக ஆளாளுக்கு விட்டுக் குடுத்தோம். இப்ப அது வந்துருச்சு. எம்மவளுக்குப் படிக்க எடமா வந்துருக்கு. எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அது கண்ணுல படல. அவரு கண்ணத் தொறந்து விடும். உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று கூடம் முழுக்கச் சொன்னது. எல்லாக் குரலுக்கும் மேலே ஜெரார்டின் குரல் கேட்டது. கடைசிச் சொல்லுக்கு வரும்போதுதான் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். பாதியில் இறங்கிப்போனது அந்தக் குரல்.

யாரும் சிரிக்கவில்லை. அடுத்தவர் தன் வேண்டுதலைச் சொல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டார். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஜெரார்டின் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. கூட்டம் முடிந்ததும் கேதரின் விளக்கைப் போட்டுவிட்டு எல்லாருக்கும் காப்பி கொண்டு வந்தார். அந்த வீட்டில் அன்றுதான் காப்பியில் பால் இருந்தது.

மறுநாள் ஜெரார்ட் வங்கிக்குப் போனார். கேரன் கூடப் போயிருந்தாள். அவருடைய வரிசை எண்ணை அழைத்தபோது, பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு மலாய்க்கார அம்மாவை முன்னே போகச் சொன்னாராம். அந்த அம்மா முடித்துவிட்டு வந்ததும் இன்னொரு பெரியவரை அனுப்பினாராம். மூன்றாவதாக அனுப்ப யாரும் மிச்சமில்லாததால் தானே எழுந்துபோனாராம். சாயங்காலம் என்னைப் பார்த்தபோது கண்டுபிடித்தவரைப் போலச் சொன்னார்: "படிப்புங்கறது செலவு இல்ல அண்ணே. அது மொதலு." அவருடைய கண்டுபிடிப்பாகவே இருக்கட்டும் என்று நானும் தலையாட்டினேன்.

பணம் வெளியே வந்துவிட்டதே தவிர, ஜெரார்ட் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. டிக்கெட்டைப் பெட்டிக்குக் கட்டணம் சேர்க்காமல் வாங்கினார். கையோடு கொண்டுபோகிற பை ஏழு கிலோவுக்குள் இருந்தால் போதும், ஒரு பெண் பிள்ளையின் படிப்பை ஏழு கிலோவுக்குள் அடக்க முடியாதா என்பது அவர் வாதம். சந்தை மீன்காரரிடம் கொக்கித் தராசை இரவல் வாங்கி வந்து, பையைத் தொங்கவிட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தார். கனமான துணிகளையெல்லாம் கேரன் உடுத்திக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. சட்டைக்கு மேல் சட்டை, அதற்கு மேல் குளிர்ச்சட்டை. அதன் பைகளில் சோப்பும் மடித்த துண்டும் மடிக்கணினியின் சார்ஜரும். வெயிலில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்தால் மலையேறப் போகிறவள் போல இருந்தாள்.

விமானம் பினாங்கிலிருந்து. "அந்தப் பக்கம் எதாச்சும் வேல இருக்கா அண்ணே?" என்று ஜெரார்ட் முதல் நாள் கேட்டிருந்தார். வேலை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் காடியை நானே ஓட்ட, ஐந்து பேரும் போனோம். நெடுஞ்சாலையில் ஏறாமல் பழைய ரோட்டிலேயே போனால் டோல் மிச்சம் என்று வழி சொன்னார். ஏசியை அடைத்தால் பெட்ரோல் மிச்சம் என்றார். டோலும் பெட்ரோலும் என்னுடையவை. கேரன் பின் இருக்கையில் வியர்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து நான் அதை அடைக்கவில்லை. கடலைத் தாண்டுகிற பினாங்குப் பாலத்து டோலுக்கு மட்டும் அவரால் மாற்று வழி சொல்ல முடியவில்லை.

விமான நிலையத்தில், முகப்பில் இருந்த பெண் பையைத் தராசில் வைக்கச் சொன்னாள். எடை கூடுதலாக வந்தது. ஒன்று கட்டணம் கட்டுங்கள், இல்லை எதையாவது எடுங்கள் என்று மலாயில் மரியாதையாகச் சொன்னாள். மீன்காரரின் தராசு மீனுக்குத்தான் சரியாக இருக்கும்போல. கேதரின் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெரார்ட் குனிந்து பையைத் திறந்தார். மேலாக ஒரு பெரிய பாட்டில் தண்ணீர் இருந்தது. விமான நிலையத்தில் தண்ணீர் விலை அதிகம் என்று காலையில் காய்ச்சி ஆறவைத்து, எடை பார்த்து முடித்த பிறகு அவரே வைத்தது. அதை வெளியே எடுத்தார். எடை சரியாகிவிட்டது.

கேரன் தம்பியின் தொப்பியை எடுத்து அவன் தலையைக் கலைத்துவிட்டு மறுபடி மாட்டினாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவள் போட்டிருந்த துணிகளின் கனத்தில் கேதரினுக்குக் கைகள் எட்டவில்லை. பிறகு அப்பாவின் முன்னால் வந்து நின்றாள். "போயிட்டு வரேன்பா."

ஜெரார்ட் பாட்டிலை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "வாட்ஸ்அப்ல கூப்புடு. அங்க வைஃபை சும்மாதான் குடுப்பாங்க."

அவள் தலையாட்டிவிட்டு உள்ளே போகிற வரிசையை நோக்கி நடந்தாள். பாட்டிலைப் போடுவதற்குப் பக்கத்திலேயே குப்பைத் தொட்டி இருந்தது. ஜெரார்ட் அதைப் பார்த்தார். எரிவாயு செலவழித்துக் காய்ச்சிய தண்ணீர். மூடியைத் திருகி, அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தார். கேரன் சோதனை வாசலுக்குப் போய்த் திரும்பிக் கையசைத்தாள். கேதரின் அசைத்தார், டேரன் அசைத்தான், நானும் அசைத்தேன். ஜெரார்ட் குடித்துக்கொண்டே இருந்தார். தொண்டை மட்டும் ஏறி இறங்கியது. கேரன் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் மறைந்தாள். பாட்டில் காலியாகிவிட்டது. அவர் அதை இறக்கவில்லை. ஒரு சொட்டும் இல்லாத பாட்டிலை முகத்துக்கு மேலே பிடித்தபடி, அண்ணாந்தே நின்றுகொண்டிருந்தார்.