பூனை பிடிக்க ஒரு ஹெல்மெட்

எங்கள் வீட்டுப் பூனை குட்டி போட இடம் தேடியபோது, வீட்டில் ஆளுக்கு ஓர் இடம் ஏற்பாடு செய்து வைத்திருந்தோம். மகள் அட்டைப்பெட்டியில் தன் பழைய பாவாடையை விரித்து வைத்தாள். அவள் தம்பி தன் ஸ்கூல் பையையே காலி செய்து கொடுத்தான். அதில் பூனைமேல் இருந்த பிரியம் பாதி, ஸ்கூல்மேல் இருந்த கோபம் பாதி. என் மனைவி பால்கனியில் ஒரு சாக்கு மடித்துப் போட்டாள். பூனை எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்தது. பிறகு ஹாலில் பாதி வேலையோடு நின்றுகொண்டிருந்த ஃபால்ஸ் சீலிங்குக்குள் ஏறிப் போய்க் குட்டி போட்டது.

ஃபால்ஸ் சீலிங் என்றால், கூரைக்குக் கீழே கம்பிச் சட்டம் கட்டி, அதில் பலகை அடித்து, இன்னொரு கூரை மாதிரி செய்வது. இரண்டுக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற உயரம்தான் இருக்கும். ஆனால் ஆள் படுக்க முடியாது, பலகை தாங்காது. பூனை தாங்கும். ஏ.சி. பைப் போடுவதற்காக ஒரு மூலையில் சதுரமாக ஓட்டை விட்டிருந்தார்கள். ஏணி போட்டு ஏறினால் அதன் வழியாகத் தலையும் இரண்டு தோளும் உள்ளே போகும். அவ்வளவுதான். உள்ளே நட்ட நடுப்பகலிலும் கும்மிருட்டு.

திங்கட்கிழமை காலை சீலிங்காரர் வந்து அந்த ஓட்டையை மூடிவிடுவார். அவரைத் திருப்பி அனுப்பலாமே என்று கேட்டேன். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எங்கள் சேலையூர் பக்கம் புது வீடு கட்டாத தெருவே இல்லை. கையில் சிக்கிய வேலைக்காரரை விட்டால் அடுத்த பொங்கலுக்குத்தான் பிடிக்க முடியும். மகள் மட்டும் அமைதியாக ஒரு வார்த்தை சொன்னாள்.

"குட்டிங்க உள்ளே இருக்கும்போது மூடினா, நானும் மேலே போய் உட்கார்ந்துக்குவேன்."

சொன்னதைச் செய்கிற பெண். தட்டில் போட்ட இட்லியையும் தொடவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் குட்டிகளை இறக்கியே ஆகவேண்டும் என்று முடிவானது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். வெளிச்சம் பட்டதும் பூனை ஒரு குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு இன்னும் உள்ளே போய்விட்டது. மறுபடி அடித்தோம், மறுபடி உள்ளே போனது. இப்படியே நாலு தடவை டார்ச் அடித்தால் பூனை பக்கத்து வீட்டுக்கே போய்ச் சேர்ந்துவிடும் என்று மகன் கணக்குச் சொன்னான்.

அந்த நேரத்தில்தான் என் மச்சான் வந்தான். என் மனைவிக்குத் தம்பி. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் லேப் வேலை. அங்கே ஆந்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு சார் இருக்கிறார். அவரிடம் நைட் விஷன் மோனாகுலர் ஒன்று உண்டு. இருட்டில் பார்க்கிற கருவி. ஒரு கண்ணில் மட்டும் வைத்துப் பார்க்கவேண்டும். பார்த்தால் எல்லாம் பச்சையாகத் தெரியும். அதைக் கையில் பிடித்தால் நோட்டில் எழுத முடியவில்லை என்று, தலையில் மாட்டுகிற மவுண்ட் ஒன்று வாங்கியிருக்கிறார். ஆனால் எந்த ஹெல்மெட்டில் எப்படி மாட்டுவது என்று அவருக்குப் புரியவில்லை. மச்சான் உடனே என்னைச் சொல்லிவிட்டான். எனக்குத் தாம்பரத்தில் வண்டிச் சாமான் கடை. சீட் கவர், ஹெல்மெட், ஹேண்டில்பாரில் மாட்டுகிற மொபைல் ஹோல்டர் எல்லாம் விற்கிறேன். நான் படித்தது கொஞ்சம்தான். ஆனால் எதையாவது எதிலாவது மாட்டச் சொன்னால் மாட்டிவிடுவேன்.

மச்சான் அந்தக் கருவியை ஒரு துண்டில் சுற்றி, டிபன் பையில் வைத்து, எலெக்ட்ரிக் ட்ரெயினில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தான். மாட்டி முடித்ததும் ஒரு தடவை சோதித்துப் பார்த்துத்தான் கொடுக்கவேண்டும் என்று சார் சொல்லி அனுப்பியிருக்கிறார். நானும் மகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி சீலிங்கைப் பார்த்தோம். ஏணியில் நிற்கிறவன் ஒரு கையால் சட்டத்தைப் பிடிக்கவேண்டும், இன்னொரு கையால் குட்டியை எடுக்கவேண்டும். கருவியைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. தலைதான் பிடிக்கவேண்டும்.

கடைக்குப் போய் ஹெல்மெட்டுகளை அள்ளிக்கொண்டு வந்தேன்.

முதலில் முகம் முழுக்க மூடுகிற ஹெல்மெட். அதில் தாடைக்கு முன்னால் ஒரு கட்டை இருக்கும். அது தடுத்ததால் கருவி கண்ணுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. அதைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே உருட்டிவிட்டேன். அடுத்து, கட்டிட வேலைக்குப் போடுகிற மஞ்சள் தொப்பி. அது என் தலையில் தொளதொளவென்று சுற்றியது. நான் வலது பக்கம் திரும்பினால் தொப்பி நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. மகனுடைய கிரிக்கெட் ஹெல்மெட்டில் முன்னால் கம்பி. ஹெல்மெட்டே வேண்டாம், ரப்பர் பட்டையால் தலையில் கட்டிக்கொள்ளலாம் என்று மச்சான் யோசனை சொன்னான். ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் தேய்த்த தலை. பட்டை வழுக்கி மூக்குக்கு வந்து, அங்கிருந்து கழுத்துக்கு வந்து, மாலையாகிவிட்டது.

கடைசியில் நின்றது அரை ஹெல்மெட். காது வரைக்கும்தான் இருக்கும், முகம் திறந்திருக்கும், தாடைக்குக் கீழே பட்டை இழுத்துக் கட்டலாம். இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளே. ஓட்டை போட்ட ஹெல்மெட்டை மறுபடி வண்டி ஓட்டப் போடக்கூடாது. ஓட்டை போட்டால் அதன் பலம் போய்விடும். அதனால் முதல் காரியமாக அதன் பின்பக்கம் வெள்ளை பெயிண்டில் 'ரோட்டுக்கு இல்லை' என்று எழுதினேன். மகன் அதன் கீழே 'பூனைக்கு மட்டும்' என்று சேர்த்துவிட்டான்.

மாட்டுவதிலும் ஒரு குழப்பம் வந்தது. முதலில் என் வழக்கப்படி மொபைல் ஹோல்டர் கிளாம்ப்பை ஹெல்மெட் விளிம்பில் கடித்துப் பிடிக்க வைத்தேன். கருவியின் கனத்தில் அது தொங்கி, என் மூக்கு நுனியைக் காட்டியது. என் மூக்கைப் பச்சை நிறத்தில் அவ்வளவு பக்கத்தில் பார்த்தது அதுதான் முதல் தடவை. சார் வாங்கின மவுண்ட்டோடு ஒரு வளைந்த பிளேட் வந்திருந்தது. அதை நெற்றிக்கு நேராக வைத்து, பென்சிலால் குறித்து, ஓட்டை போட்டு, போல்ட்டை முடுக்கினேன். பிளேட்டில் ஒரு மடங்குகிற கை. கீழே இழுத்தால் கருவி கண்ணுக்கு வரும், மேலே தள்ளினால் நெற்றிக்குப் போய்விடும்.

எந்தக் கண்ணுக்கு என்று அடுத்த கேள்வி. ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் தீர்மானிக்கலாம் என்றேன். எனக்கு ஒரு கண்ணை மட்டும் மூட வராது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. மூடினால் இரண்டும் மூடிக்கொள்கிறது. மகன் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி அடித்துக் காட்டினான். மகளும் அடித்தாள். என் மனைவி அடித்தது எனக்கே புதிய செய்தி. அப்புறம் மச்சான், கண்ணை மூடவே வேண்டாம், சார் இரண்டையும் திறந்துதான் பார்ப்பார் என்றான். இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். வலது கண்ணுக்கு வைத்தேன்.

ஹெல்மெட் முன்பக்கம் கனத்துக் குனிந்தது. பின்னால் ஏதாவது எடை கட்டவேண்டும். மனைவி சமையலறையிலிருந்து ஒரு பொட்டலம் கல் உப்பு கொண்டுவந்தாள். கேபிள் கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை போட்டுப் பிடரிப்பக்கம் இறுக்கினேன். தராசு மாதிரி நேராக நின்றது.

"திருஷ்டிக்கும் ஆச்சு மாமா," என்றான் மச்சான்.

ஸ்டோர் ரூமில் விளக்கை அணைத்துச் சோதித்தேன். அரிசி டின், பழைய மிக்ஸி, மகள் தொலைந்துபோனதாகச் சொன்ன ஸ்கூல் டை எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. நான் ஏணியை எடுத்துவரப் பின்பக்கம் போனேன்.

அந்த இடைவெளியில் என் மனைவி தன் வேலையைச் செய்துவிட்டாள். எங்கள் வீட்டுக்கு வருகிற எந்தப் பொருளும் பொட்டு வைக்காமல் வேலை செய்ய ஆரம்பித்ததில்லை. ஃப்ரிட்ஜ், குக்கர், வாஷிங் மெஷின், கியாஸ் அடுப்பு, எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமம். இது ஊரான் பொருள், பத்திரமாகத் திரும்பிப் போகவேண்டும் என்பதால் கொஞ்சம் தாராளமாகவே வைத்திருக்கிறாள். நான் வந்தபோது ஹெல்மெட்டின் இரண்டு பக்கமும் பொட்டு இருந்தது. நல்லதுதான் என்று மாட்டிக்கொண்டு ஏறினேன். ஏணியை மச்சான் பிடித்தான். மகள் கூடையோடு நின்றாள்.

தலையை உள்ளே விட்டு, கருவியைக் கண்ணுக்கு இறக்கினேன். ஓரமெல்லாம் பச்சையாகச் சட்டங்கள் தெரிந்தன. நடுவே, எனக்கு நேர் எதிரே, உருண்டையாகக் கறுப்பாக ஒன்று உட்கார்ந்திருந்தது.

பூனை அவ்வளவு பெரிதில்லை. எங்கள் பக்கம் மொட்டைமாடிகளில் மரநாய் திரிவது உண்டு. அசையாமல் நின்றபடி கீழே மெதுவாகச் சொன்னேன்.

"உள்ளே பெரிசா ஒண்ணு உட்கார்ந்திருக்கு."

"இன்னா மாமா அது?"

"தெரியலை. என்னையே பார்க்குது."

"கண்ணு எப்படிப்பா இருக்கு?" என்று மகள் கேட்டாள்.

"கண்ணு இல்லை."

கீழேயிருந்து மகன் கேட்டான்: "கண்ணு இல்லாம எப்படிப்பா பார்க்குது?"

நியாயமான கேள்விதான். ஆனால் பதில் யோசிக்கிற நிலையில் நான் இல்லை. மெதுவாக இடது பக்கம் திரும்பினேன். அது இடது பக்கம் வந்துவிட்டது. வலது பக்கம் திரும்பினேன். அங்கேயும் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருந்தது. காலடிச் சத்தம் கிடையாது. இவ்வளவு வேகமாக ஓடுகிற பிராணியை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதற்கு அந்தப் பக்கம் எங்கோ குட்டிகள் மெல்லிசாகக் கத்தின. இது குட்டிகளைத் தின்ன வந்ததுதான் என்று நினைத்தேன். மகளிடம் அதை எப்படிச் சொல்வது?

அவள் என் குரலிலேயே கண்டுபிடித்துவிட்டாள். கூடையைக் கீழே வைத்துவிட்டு ஏணியின் முதல் படியில் காலை வைத்தாள். அவளை இறங்கச் சொல்லத் தலையை வெளியே எடுத்துக் குனிந்தேன். கருவி இன்னும் கண்ணிலேயே இருந்தது. அந்தக் கறுப்பு உருண்டை இப்போது ஹாலில் இருந்தது. சரியாக மச்சான் தலைமேல்.

"அசையாதே," என்றேன். "உன் தலைமேல உட்கார்ந்திருக்கு."

மச்சான் அசையாமல் இருக்கவில்லை. ஏணியை விட்டுவிட்டு சோபாமேல் ஏறி, அங்கிருந்து டி.வி. ஸ்டாண்டுப் பக்கம் தாவினான். மனைவி துடைப்பத்தை எடுத்தாள். எதன்மேல் அடிப்பது என்று தெரியாததால் மச்சான்மேலேயே ஒன்று வைத்தாள். "இன்னாக்கா, என்னை ஏன் அடிக்கிறே," என்று அவன் அழாத குறையாகக் கேட்டான். நான் மனைவியைப் பார்த்தேன். அது அவள் முகத்துக்கு வந்துவிட்டது. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கியபோது, மகள் கீழேயிருந்து என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா," என்றாள். "கண்ணாடியில பொட்டு இருக்கு."

கருவியின் முன்பக்கக் கண்ணாடியில், சரியாக நட்ட நடுவில், சந்தனம், அதன்மேல் குங்குமம்.

என் மனைவி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "நெத்தின்னு நினைச்சு வெச்சேன்," என்றாள். "எனக்கு என்ன தெரியும், அது கண்ணுன்னு."

மச்சான் முதுகைத் தடவிக்கொண்டே, மூக்குக்கண்ணாடி துடைக்கிற துணியால் அதைப் பதமாகத் துடைத்துக் கொடுத்தான். சந்தன வாசனையோடு மறுபடி ஏறினேன்.

இந்தத் தடவை நன்றாகவே தெரிந்தது. டார்ச் வெளிச்சம் நின்றதும் திரும்பி வந்திருக்கிறதுபோல, எட்டுகிற தூரத்திலேயே, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே, பூனை சுருண்டு படுத்திருந்தது. வயிற்றோரம் மூன்று குட்டிகள். எல்லாம் பச்சை. நாங்கள் கீழே போட்ட கூத்து முழுவதையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறது. வெளிச்சம் இல்லாததால் ஓடவில்லை. ஒரு கையால் சட்டத்தைப் பிடித்து, மறு கையால் குட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே நீட்டினேன். மகள் வாங்கி வாங்கிக் கூடையில் வைத்தாள்.

மூன்றாவது குட்டி இறங்கியதும் பூனை எழுந்தது. சோம்பல் முறித்தது. என்னிடம் வந்து, என் தோளில் கால் வைத்து, ஹெல்மெட்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. முன்னால் கருவி, பின்னால் உப்பு, நடுவே பூனை. எடை சரியாக இருந்தது. அப்படியே இறங்கினேன். மச்சான் போட்டோ எடுத்தான். சாருக்கு அனுப்பவேண்டாம் என்று சொன்னேன். அனுப்பிவிட்டுத்தான் கேட்டான்.

கருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஹெல்மெட் சாரிடம் போய்ச் சேர்ந்தது. பொருத்தம் பிரமாதம், உப்பு மட்டும் எதற்கு என்று சார் கேட்டாராம். திருஷ்டிக்கு என்று மச்சான் சொன்னானாம்.

மறுநாள் காலை சீலிங்காரர் சொன்னபடி வந்து ஓட்டையை மூடினார். மகள் பக்கத்தில் நின்று, முதலில் கூடையைப் பார்த்தாள். கூடை காலி. ஒரு நிமிடம் அவள் முகம் எப்படி ஆனது என்பதை என்னால் எழுத முடியாது. அப்புறம் கட்டிலுக்குக் கீழேயிருந்து சத்தம் கேட்டது. நான் உருட்டிவிட்ட அந்த முழு ஹெல்மெட்டுக்குள் மூன்று குட்டிகளும் படுத்திருந்தன. பூனை ராத்திரியே தூக்கி வந்து வைத்திருக்கிறது. உள்ளே பஞ்சு மெத்தை, முன்னால் தாடைக் கட்டை, குட்டி உருண்டு விழாது. கண்ணாடியை மேலே தள்ளினால் ஜன்னல். பூனையும் எல்லா ஹெல்மெட்டையும் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருக்கும்போல.

மகள் அங்கேயே உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள், அதுவும் இன்னொரு ஈடு கேட்டு வாங்கி. புது வீட்டுக்குப் பொட்டு வைக்க என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். ஹெல்மெட்டை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எங்களையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். அப்புறம் பொட்டைப் பின்பக்கமாக வைத்தாள்.