மொட்டைத்தலை விளம்பரம்

என் அக்கா தையற்காரி. மாமா லாரி ஓட்டியவர். பக்கவாதம் அவரைக் கட்டிலில் தள்ளிய பிறகு அக்கா கடையை மூடிவிட்டு, துணி வெட்டவும் தைக்கவும் சொல்லித்தரும் வலைத்தளம் ஒன்றைத் தொடங்கினாள். அமைத்துக் கொடுத்தது நான். அதில் ஓடும் விளம்பரங்களை யாராவது அமுக்கினால் காசு வரும். அந்தக் காசில்தான், மாமாவைத் தூக்கி உட்காரவைத்துப் பயிற்சி தரும் பெண் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தாள். அந்தக் காசு நின்றால் அவளும் நின்றுவிடுவாள்.

மாமாவுக்குப் பேச்சு போய்விட்டது. இடக்கை மட்டும் நடுங்கியபடி அசையும். அந்தக் கைக்கு எட்டுமாறு பழைய டேப்லெட்டைத் தலையணையில் சாய்த்து, தன் தளத்தையே திறந்து கொடுப்பாள் அக்கா. “பொழுது போகட்டும். என் மூஞ்சியையே எவ்வளவு நேரம் பாப்பாரு?” என்பாள்.

ஒரு நாள் கட்டிலோரம் உட்கார்ந்து வருமானத்தைப் பார்த்தபோது எனக்குக் கோபம் தலைக்கேறியது. மொட்டைத்தலைப் படம் போட்ட, முடி வளர்க்கும் தைலத்தின் விளம்பரம் எல்லாப் பக்கங்களிலும் சட்டமாக உட்கார்ந்திருந்தது. அதை எக்கச்சக்கமாக அமுக்கியிருக்கிறார்கள். கிடைத்ததோ சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

“இந்த மொட்டைத்தலைய முதல்ல தடுத்து வை அக்கா. அந்த எடத்துல நல்ல காசு தர்ற விளம்பரம் வரும்.”

“வரலைன்னா? எடம் காலியாத்தானே கெடக்கும்? இது ஏதோ குடுக்குதுல்ல.”

“குடுக்குது, பிச்சைக்காசு!”

“இத்தனை பேர் அமுக்குறாங்கன்னா, பாவம், முடி கொட்டினவங்களுக்கு வேணும் போலடா. என்கிட்ட தைக்கக் கத்துக்க வர்றதுல இவ்வளவு மொட்டையா!”

சிரித்துத் தொலைத்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாள்.

யோசிக்க எங்கே விட்டார்கள்? விளம்பர நிறுவனத்திலிருந்து அறிவிப்பு வந்தது. தளத்துக்காரரின் வீட்டிலிருந்தே விளம்பரம் அமுக்கப்படுகிறதாம். மோசடியாம். கணக்கை நிரந்தரமாக மூடிவிட்டார்களாம். கெஞ்சி எழுதியும் பிடி கொடுக்கவில்லை.

“என்னைத் திருடின்னு சொல்றானுங்கடா” என்று அக்கா உடைந்துபோனாள். எனக்கு யாரையாவது நாலு அறை விட வேண்டும் போலிருந்தது.

உள்ளே போனோம். மாமா பக்கம் பக்கமாகத் தள்ளித் தள்ளி எதையோ தேடிக்கொண்டிருந்தார். விளம்பரம் இருந்த வெற்றிடத்தில் விரலை வைத்து வைத்து அழுத்தினார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. சின்ன விளம்பரமெல்லாம் அந்த நடுங்கும் விரலுக்குச் சிக்காது. தைலக்காரனின் பச்சைப் பொத்தான்தான் உள்ளங்கை அகலம். அமுக்கினால் பெண்டாட்டிக்குக் காசு வரும் என்று நாங்கள் எப்போதும் பேசுவதிலிருந்தே பிடித்துக்கொண்டு, படுத்த படுக்கையிலும் சம்பாதித்திருக்கிறார் மனுஷன்.

எங்கே போனது என்பதுபோல் அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள். “அதுவாங்க? காசு சரியா தரலைன்னு நான்தான் தடுத்துட்டேன்.”

மாமாவின் முகம் சுருங்கிவிட்டது. டேப்லெட்டைத் தள்ளிவிட்டார்.

பயிற்சிக்காரப் பெண் நின்றபோது, தானே நிறுத்திவிட்டதாகச் சொல்லி அந்தப் பழியையும் அக்காவே தலையில் போட்டுக்கொண்டாள். அதிலிருந்து அவள் ஊட்டினால் மாமா வாய் திறப்பதில்லை.

“உண்மையைச் சொல்லித் தொலையேன்!” என்று கத்தினேன்.

“சொன்னா அந்தக் கையையும் அசைக்க மாட்டாருடா.”

இப்போது நான்தான் ஊட்டுகிறேன். அக்கா சாப்பாட்டைக் குழைத்துக் கொடுத்துவிட்டு, அவர் கண்ணில் படாமல் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்கிறாள்.