சுமைதாங்கிக்கு மஞ்சள் பூசியவள்

புளியமரத்தில் சுண்ணாம்புக் குறி விழுந்திருந்ததைப் பட்டம்மாள்தான் முதலில் பார்த்தாள். விடிந்தும் விடியாததுமாகத் தண்ணீர் சுமந்து வந்து பானைகளில் ஊற்றிவிட்டு நிமிர்ந்தால், அடிமரத்தில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வெள்ளைக் கோடு. ஆம்பூர்ப் பக்கம் அப்படிக் கோடு விழுந்த மரமெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? வேரோடு போய்விட்டது.

மோட்டார் பஸ் ஓடத் தொடங்கிய காலம் அது. எதிரும் புதிருமாக இரண்டு பஸ் வந்தால் மாட்டுவண்டி ஒதுங்க இடமில்லை என்று, ஆம்பூரிலிருந்து வாணியம்பாடி வரைக்கும் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டு வந்தார்கள். வேலைக்கு மேஸ்திரி சாமுவேல். நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் இருக்கமாட்டான், பட்டம்மாள் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்காமலும் போகமாட்டான்.

"இன்னா மேஸ்திரி, மரத்துக்கு யாரு நாமம் போட்டது?"

"ஓவர்சியர்தாங்கா. வர்ற வாரம் வுழுந்துடும்."

"கல்லு?"

சாமுவேல் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் பேசினான். "அங்க ஒரு மதகு கட்றோம் இல்ல, அதுக்கு மேல மூட்றதுக்கு வேணுமாம். நல்ல நீளக் கல்லுன்னு ஓவர்சியர் பாத்து வச்சிட்டாரு. நான் இன்னா பண்ணட்டும் சொல்லு."

அவன் மேல் என்ன தப்பு. அவள் சொம்பை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள்.

மரத்தடியில் இருந்த அந்தக் கல் சுமைதாங்கிக் கல். இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு நீளக் கல்லைப் படுக்க வைத்தது. தலைச்சுமைக்காரர்கள் யாரையும் கூப்பிடாமல், தலையிலிருந்து சுமையை அப்படியே நகர்த்தி அதன் மேல் வைக்கலாம். மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, அப்படியே தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டும் போகலாம். அதில் இருக்கிற சுமையை உடையவர்தான் எடுப்பார். கடுக்காய் மூட்டையோ, பச்சைத்தோல் கட்டோ, அடுத்தவர் கை படாது. களவு செய்கிறவன்கூட அதைச் செய்யமாட்டான்.

வாயும் வயிறுமாக இருக்கிறவள் செத்துப்போனால் அவள் பேரில் இப்படி ஒரு கல் நடுவார்கள். இறக்காத சுமையோடு போனவள் இல்லையா? வழிப்போக்கர்கள் இறக்கி வைக்க வைக்க, அவள் பாரமும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். பட்டம்மாளின் ஒரே மகள் அமிர்தவள்ளி ஏழாம் மாதத்தில் போனாள். வளைகாப்பு வளையல்கூடக் கையை விட்டுக் கழலவில்லை. அவள் அப்பன் கோதண்டராமன் வண்டி கட்டிப் போய்க் கல் கொண்டுவந்து நட்டான். மறு வருஷம் காய்ச்சலில் அவனும் போய்விட்டான். அன்றிலிருந்து பட்டம்மாள் காலையில் கழனி வேலை, வெயில் ஏறினால் மரத்தடி என்று இருந்தாள். தண்ணீர் கேட்கிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவாள். ஆனால் சும்மா ஊற்றமாட்டாள். "கல்லுல வச்சியா? வச்சிட்டு வா, அப்பறம் தரேன்" என்பாள். கையில் துணிமூட்டை மட்டும் வைத்திருக்கிறவனையும் விடமாட்டாள். அவளோடு மல்லுக்கு நிற்பதைவிட வைத்துவிட்டுக் குடிப்பது சுலபம் என்று எல்லோருக்கும் பழகிவிட்டது.

அந்தக் கல்லைத்தான் மதகுக்கு மேல் போடப் போகிறார்கள். மகள் தலைமேல் பஸ் ஓடும். நினைக்க நினைக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் ஆட்கள் வருவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்தாள். கல் முழுக்க மஞ்சள் அரைத்துப் பூசினாள். பெரிய பெரிய குங்குமப் பொட்டு வைத்தாள். மரத்தைச் சுற்றி வேப்பிலை கட்டினாள். மகளுடைய சிவப்புப் புடவையைக் கிழித்துக் கல்லுக்குச் சாத்தினாள். முதலில் வந்த வண்டிக்காரனிடம், ஆத்தா கனவில் வந்து இங்கேதான் இருக்கிறேன் என்று சொன்னதாக ஒரே போடாகப் போட்டாள். வெயில் ஏறுவதற்குள் அது ஆம்பூருக்கே போய்விட்டது.

கோடாலியோடு வந்த ஆட்கள் மரத்தைப் பார்த்தார்கள், கல்லைப் பார்த்தார்கள், கோடாலியைக் கீழே வைத்துவிட்டார்கள். ஓவர்சியர் கத்திப் பார்த்தார்.

"யாராவது ஒருத்தன் முதல் வெட்டு வெட்டுங்கடா."

"நீங்க வெட்டுங்க அய்யா. ரெண்டாவது நான் வெட்றேன்" என்றான் ஒருவன்.

ஓவர்சியருக்கும் வீட்டில் பெண்டாட்டி பிள்ளை உண்டு. முணுமுணுத்துக்கொண்டே ரோடு அளக்கிற சங்கிலியை நகர்த்திப் பிடிக்கச் சொன்னார். ரோடு மரத்தைச் சுற்றி ஒரு வளைவு வளைந்து போயிற்று. ஜல்லியும் கொட்டியாயிற்று. மரம் தப்பிவிட்டது, கல்லும் தப்பிவிட்டது. பட்டம்மாள் அன்றைக்குத்தான் வயிறாரக் கூழ் குடித்தாள்.

குடித்த கூழ் செரிப்பதற்குள் அடுத்த கவலை வந்துவிட்டது. ஆவாரம்பட்டைக் கட்டு சுமந்துகொண்டு நான்கு பெண்கள் வந்தார்கள். தோல் பதனிடுகிற கொட்டகைகளுக்குத் தினமும் பட்டை கொண்டுபோகிறவர்கள். கல்லுக்கு முன்னால் நின்று, தலைச்சுமையோடேயே கும்பிட்டார்கள். பிறகு ஒருத்திக்கு ஒருத்தி கைகொடுத்துத் தரையில் இறக்கினார்கள்.

"கல்லுல வைங்கம்மா."

"ஆத்தா தலையிலயா? நல்லா சொன்ன போ."

அதற்குப் பிறகு வந்தவர்களும் அப்படித்தான். தோல் கட்டு சுமக்கிறவர்கள் வளைவுக்கு அந்தப் பக்கமாகவே ஒதுங்கிப் போனார்கள். கல்மேல் தேங்காய் வந்தது, பூ வந்தது, சுமை வரவில்லை. ஒரு மூட்டை, ஒரு கூடை, ஒன்றுமில்லை. வெறும் கல்லைப் பார்க்கப் பார்க்க அமிர்தவள்ளி வயிற்றைத் தாங்கிக்கொண்டு எங்கேயோ நிற்கிறாற்போல இருந்தது பட்டம்மாளுக்கு. உட்காரவும் முடியாமல், நடக்கவும் முடியாமல்.

ஹலீமா பீ ஒருத்தியிடம்தான் அவள் மனசைத் திறந்தாள். தினமும் கடுக்காய்க் கூடையோடு வருகிறவள். அமிர்தவள்ளி பிறந்தபோது கூட இருந்தவள்.

"நீயாவது வையேன் ஹலீமா."

"ஏன், ஊரே சேந்து என்ன அடிக்கிறதுக்கா? மஞ்சள் பூசினது நீ. இப்ப பேஜார் ஆவுறதும் நீ."

"கழுவிடட்டுமா?"

ஹலீமா பீ மதகுப் பக்கம் பார்த்தாள். அங்கே வேலை பாதியில் நின்றது. மேலே மூடுவதற்குக் கல் இன்னும் வரவில்லை. "அவங்க போவட்டும். இப்ப கழுவினா, சாயங்காலத்துக்குள்ள கல்லு அங்க கெடக்கும்."

அவள் சொன்னது நியாயம்தான். பட்டம்மாள் பொறுத்துக்கொண்டாள். பொறுப்பது அவள் குணத்துக்கு ஒத்துவராத காரியம். ஒவ்வொரு நாளும் கல்லையும் மதகையும் மாறி மாறிப் பார்த்து அவளுக்குக் கழுத்தே வலித்தது.

முனியம்மா வந்தது அப்படி ஒரு நாளில்தான். பட்டை சுமக்கிற பெண்களில் சின்னவள், நிறைமாசம். கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டார்கள். கல்லிடம் வந்ததும் வழக்கப்படி தலையை நீட்டப் போனவள், குங்குமத்தைப் பார்த்துப் பின்வாங்கினாள். தனியாகத் தரையில் இறக்கப் பார்த்தாள். முழங்கால் மடங்கிற்று. கட்டு ஒரு பக்கம் சரிய, அவள் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பட்டம்மாள் ஓடினாள். முகத்தில் தண்ணீர் தெளித்தாள். "வலிக்குதா? எங்க வலிக்குது? சொல்லித் தொலையேண்டி."

"இல்ல பெரிம்மா. மயக்கந்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "உள்ள உதைக்குது" என்றாள்.

அவள் உதைக்குது என்று சொன்ன பிறகுதான் பட்டம்மாளுக்கு மூச்சே வந்தது. எழுந்தாள். குடிக்க வைத்திருந்த பானையை அப்படியே தூக்கிக் கல்மேல் கவிழ்த்தாள். புடவைத்துணியை உருவி அதாலேயே தேய்த்தாள். மஞ்சள் தண்ணீர் ரோட்டில் ஓடியது. மதகு வேலைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கென்று ஓவர்சியரும் வந்திருந்தார்.

"இன்னா பெரிம்மா பண்ற? ஆத்தா கோச்சுக்கும்" என்றாள் முனியம்மா.

"இது ஆத்தா இல்லடி. எம் பொண்ணு. அவளுக்குப் பூ வேணாம், பாரந்தான் வேணும்." முனியம்மாவின் கட்டைத் தானே தூக்கிக் கல்மேல் வைத்தாள்.

ஓவர்சியர் வந்து, கழுவின கல்லைப் பார்த்தார். "அப்ப இது சாமி இல்ல?"

"இல்லீங்க."

"சாமுவேல், கல்ல எடுக்கச் சொல்லு."

"சுமை இருக்குதே அய்யா" என்றான் சாமுவேல். "உடையவங்க எடுக்கட்டும்."

ஆட்கள் அசையவில்லை. ஓவர்சியர் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார். முனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கொட்டகையில் பட்டை வாங்குகிற நேரம் தாண்டினால் அவளுக்கு அன்றைய பாடு வீண். போகத்தான் வேண்டும். பட்டம்மாள் ரோட்டின் இந்தக் கோடியைப் பார்த்தாள், அந்தக் கோடியைப் பார்த்தாள். ஒரு தலைச்சுமை இல்லை. ஒரு மாட்டுவண்டி போயிற்று, பஸ் ஒன்று புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று.

"இன்னும் கொஞ்சம் உக்காரு கண்ணு."

"நேரமாச்சு பெரிம்மா." முனியம்மா கல்லோரத்தில் தலையைக் கொடுத்துக் கட்டை வாங்கிக்கொண்டாள். கல் காலியாயிற்று.

சாமுவேல் கூப்பிட்டதும் ஆட்கள் கடப்பாரையை எடுத்தார்கள். அவன் மட்டும் மரத்தடிக்குப் போனான். எல்லாருடைய மத்தியானக் கூழ்ச்சட்டிகளும் ஒரு பெரிய கூடையில் அங்கே இருந்தன. அதைத் தலையில் தூக்கிக்கொண்டு வந்து, கல்மேல் நகர்த்தி வைத்தான்.

"வெயிலுக்குக் கூழு புளிச்சிடுது அய்யா. இங்கதான் காத்து ஜாஸ்தி."

"அத எடுத்துட்டுக் கல்லத் தூக்குங்கடா."

"எம்மாம் பேரு சட்டி அதுல இருக்குது. ஒவ்வொருத்தனும் வந்து எடுக்கணும்." சாமுவேல் ஆட்களைப் பார்த்தான். ஆட்கள் கடப்பாரையைப் பார்த்தார்கள். ஒருவனும் வரவில்லை.

ஓவர்சியர் கூடையை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, மதகுக்கு வேறு கல் வண்டியில் வரவழைக்கச் சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

பட்டம்மாள் அப்போதும் நம்பவில்லை. காலிப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு கல் வண்டியில் வந்து மதகு மூடுகிற நாள் வரைக்கும் ரோட்டின் இரண்டு கோடியையும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். கூழ்க்கூடை இறங்குவதற்கு முன்னால் கடுக்காய்க் கூடை வந்தது. கடுக்காய்க் கூடைக்குப் பக்கத்தில் பட்டைக்கட்டு வந்தது. யாருக்காவது தாகம் என்றால், தான் கிணற்றுக்குப் போய் வருகிற வரைக்கும் சுமையைக் கல்மேல் காவலுக்கு வைத்துவிட்டு நிற்கச் சொல்வாள்.

"கல்ல வெறுமையா வுட்டுட்டுப் போனீங்க, தண்ணி கெடையாது, சொல்லிட்டேன்."