வேக வைத்த ஆன்டிபாடி

என் மனைவி கோகிலா இறந்த செய்தி வந்தபோது, செல்களை எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் மாதிரிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஏற்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் தம்பி பேசினான்.

"மாமா, அக்கா காப்பிக் களத்துல மயங்கி வுழுந்துட்டா. ஏற்காட்டுக்குக் கொண்டாந்தோம். இல்லைனுட்டாங்க மாமா."

மூளையில் இரத்தக்குழாய் வெடித்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். நான் "சரி" என்றேன். மீதியிருந்த குழாய்களையும் ஓட்டி, இயந்திரத்தைக் கழுவி அணைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் எப்போதும் வாந்தி எடுப்பவன், அன்று ஒன்றும் ஆகாமல் போய்ச் சேர்ந்தேன்.

நம் ஆய்வகத்தில் அவளோடு வேலை செய்த உங்களில் பலருக்கு, என்னைவிட முன்பே அவளைத் தெரியும். எனக்குத் தெரிந்ததில் கொஞ்சம் எழுதுகிறேன்.

கல்யாணத்துக்குப் பின் முதல்முறை அவள் ஊரான தலைச்சோலைக்கு, அவள் வீட்டுக்குப் போயிருந்தோம். பெற்றோர் இருவரும் எஸ்டேட்டில் வேலை செய்பவர்கள். மகள் அப்படி என்னதான் செய்கிறாள் என்று அத்தை கேட்டார்.

"ஒடம்புக்குள்ள காவக்காரச் செல்லு இருக்குதும்மா. அது தூங்குதா, முழிச்சு வேலை செய்யுதான்னு பாக்கறோம்."

"முழிச்சா எப்படிடி தெரியும்?"

"முழிச்ச செல்லு மேல ஒரு கொக்கி மொளைக்கும். அந்தக் கொக்கிய மட்டும் புடிக்கற மாதிரி ஆன்டிபாடி இருக்குது. அதுல வெளிச்சத்தக் கட்டி வுட்டா, முழிச்சது மட்டும் மின்னும். இவுரு மிசினு எண்ணிச் சொல்லிரும்."

"எஸ்டேட்டுக் காவக்காரனுக்கும் ஒண்ணு கட்டி வுடு சாமி. பூராக் காப்பியும் களவு போகுது" என்றார் அத்தை. மாமா சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது.

வீட்டில் 'ஏனுங்க', ஆய்வகத்தில் 'சார்'. கிண்டல் பண்ணும்போது மட்டும் இரண்டும் சேர்ந்து வரும். கணினியில் விரியும் புள்ளிக் கூட்டத்தில் எந்தச் செல்களை எடுத்துக்கொள்வது என்று நான் எல்லைக்கோடு போடுவேன். பின்னால் வந்து நின்று பார்ப்பாள். "ஏனுங்க சார், வேலி நல்லாத்தான் போட்டிருக்கீங்க. மாடு பூரா வெளியில மேயுதே?" கோட்டை அழித்து மறுபடி போடுவேன். நீங்கள் எல்லோரும் சிரித்தது நினைவிருக்கிறது.

அவளே உருவாக்கிய மோனோகுளோனல் ஆன்டிபாடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எத்தனையோ செல்களிலிருந்து ஒன்றே ஒன்றைப் பிரித்து, அதன் சந்ததியை மட்டும் வளர்த்து, அது சுரந்ததைச் சேகரித்தாள். எலியின் மண்ணீரல் செல்கள் மேல் அதை விட்டபோது, சும்மா கிடந்தவை விழித்துப் பெருகத் தொடங்கின. அன்று ஆய்வகம் முழுக்க மைசூர்பாகு. கட்டுரையும் எழுதி முடித்தாயிற்று.

காப்பி அறுவடைக்கு ஊருக்குக் கிளம்பிய அன்று காலை, பையை வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"இது ஆன்டிபாடி செஞ்ச வேலைதானா, இல்ல சுத்தம் பண்றப்ப பாக்டீரியா நஞ்சு ஏதாச்சும் ஒட்டிக்கிட்டு வந்து அது செஞ்ச வேலையான்னு ரோசனையா இருக்குதுங்க. ஒருதடவ வேக வெச்சுப் பாத்தரலாம். வெந்தா ஆன்டிபாடி செத்துரும். நஞ்சு அவ்வளவு லேசுல சாகாது."

"எல்லாம் முடிஞ்ச பொறகு எதுக்கு இப்ப?"

"நெசமா இருக்கோணும்னு நொம்ப ஆசையா இருக்குதுங்க. அதனாலதான்."

லீவு முடிந்து வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

காரியம் முடிந்த அன்று மாமா என்னைத் தனியே அழைத்தார். "மாப்ள, புள்ள கண்டுபுடிச்சது புஸ்தகத்துல வருமுங்களா?" வரும் என்று சொல்லிவிட்டேன். அவள் பெயரை முதலில் போட்டு, நாம் செய்யும் அஞ்சலியாக அனுப்பிவிடலாம் என்று பேராசிரியரும் அன்போடு சொன்னார். வேக வைப்பது பற்றி அவள் சொன்னது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அனுப்பியிருந்தால் எவரும் கேட்டிருக்கப் போவதில்லை.

ஆனால் எனக்கும் நொம்ப ஆசையாக இருந்தது.

அவள் ஆன்டிபாடியில் கொஞ்சம் எடுத்து வேக வைத்தேன். வெந்ததை ஒரு வரிசையிலும் வேகாததை இன்னொரு வரிசையிலும் விட்டேன். செல்கள் வளர்ந்ததும் இயந்திரத்தில் ஓட்டினேன். இரண்டும் ஒரேபோல் பெருகியிருந்தன. மறுபடி செய்தேன். மறுபடியும் அப்படியே. வேலியை எங்கெங்கோ நகர்த்திப் பார்த்தேன். பிறகு பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கட்டுரையை அனுப்ப வேண்டாம்" என்றார்.

மாமாவுக்குப் போனில் சொல்ல மனம் வரவில்லை. தலைச்சோலைக்கே போனேன். மிளகுக் கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"புஸ்தகத்துல வராதுங்க மாமா. ஆன்டிபாடி செய்யல. அதுல ஒட்டியிருந்த நஞ்சு செஞ்ச வேலைங்க அது."

அவர் முடிச்சைப் போட்டு முடித்தார்.

"அது எப்படித் தெரிஞ்சுதுங்க?"

"அவ சொல்லிட்டுப் போன சோதனைங்க. நான் வேக மட்டுந்தான் வெச்சேன்."

"அப்ப இதும் புள்ள கண்டுபுடிச்சதுதானுங்களே" என்றார்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் போனபின் முதல்முறையாக எனக்கு அழுகை வந்தது அப்போதுதான். மாமா அடுத்த கொடிக்குப் போனார்.

அவள் உடைமைகள் எல்லாம் வீட்டில் அப்படியே இருக்கின்றன. அவற்றை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவளிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது ஒரு பழக்கத்தை மட்டும்தான். எந்த முடிவு நான் ஆசைப்பட்டபடியே திரையில் வந்து நிற்கிறதோ, அதை யாரிடமும் காட்டுவதற்கு முன், ஒரு குழாயை எடுத்து வேக வைக்கிறேன்.